பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டார்ட் ஆகலையா? அந்தப் பொறிக்குப் பின்னால் இருக்கும் சார்லஸ் கெட்டரிங்கின் கதை

சாவியைத் திருப்புகிறீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினை நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. இன்னொரு முறை, இன்னொரு முறை... கடைசியில் பேட்டரிதான் களைத்துப் போகிறது.

1960-களில் இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி, டிரையம்ஃப், ஜாகுவார் இ-டைப் மாதிரியான ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காலைப்பொழுது ரொம்பவே பழக்கம். பெட்ரோல் இருக்கு, காற்று இருக்கு, பொறி மட்டும் வரலை.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சுற்றுகிற அந்த ஸ்டார்ட்டர் மோட்டாரைக் காருக்குக் கொண்டுவந்தவரும், வராமல் அடம்பிடிக்கிற அந்தப் பொறிக்கான அமைப்பை வடிவமைத்தவரும் ஒரே ஆள். அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங். இன்ஜினில் கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடுவதில் அவர் கில்லாடி. அந்தத் தேடலில் ஒன்று, உலகம் முழுக்க காற்றில் ஈயத்தைக் கலந்து விடுவதில் போய் முடிந்தது.

யார் இவர்? அவர் உருவாக்கிய பொறி எப்படி வேலை செய்கிறது? அது வராவிட்டால் எங்கே தேடுவது? பெட்ரோலில் ஈயம் எப்படி வந்தது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த கெட்டரிங்?

1876 ஆகஸ்ட் 29-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், லவுடன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் ஆர்வம் அதிகம், ஆனால் கண் ஒத்துழைக்கவில்லை. கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக வேலை பார்த்தார். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கண் பிரச்னையால் பாதியிலேயே விட்டார்.

படிப்பை விட்டவர் போய்ச் சேர்ந்த வேலை டெலிபோன் கம்பி இழுப்பது. குழி தோண்டுவது, கம்பம் நடுவது, லைனில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது. மைல்கணக்கில் நீளும் லைனில் கோளாறு எங்கேயோ ஓர் இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு பகுதியாகச் சோதித்துக்கொண்டே போனால் அந்த இடம் தானாக மாட்டும். பிற்காலத்தில் இன்ஜின்களிடமும் அவர் காட்டிய முறை இதுதான்.

கண் கொஞ்சம் தேறியதும் திரும்பக் கல்லூரிக்குப் போனார். 1904-ல் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 27. கூடப் படித்தவர்களைவிடப் பல வயது மூத்தவர். அதே ஆண்டு டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது கடைகளில் வைக்கும் கல்லா இயந்திரங்களைச் செய்யும் நிறுவனம்.

அந்தக் காலத்தில் கல்லா இயந்திரத்தைக் கையால் சுற்றித்தான் திறக்க வேண்டும். அதற்கு மின்மோட்டார் பொருத்தும் பொறுப்பு கெட்டரிங்கிடம் வந்தது. நாள் முழுக்க ஓடும் மோட்டார் என்றால் பெரிசாக இருக்க வேண்டும். ஆனால் கல்லா திறக்க ஒரு நொடி, இரண்டு நொடி வேலைதானே? அந்தச் சில நொடிகளுக்கு ஒரு சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள் அது ஆறிவிடும் என்று கணக்குப் போட்டார். இந்தச் சின்னக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து காருக்கு வரும்போது தேவைப்படும்.

கொட்டகையில் பிறந்த பொறி

அதே நிறுவனத்தில் மேலதிகாரியாக இருந்தவர் எட்வர்ட் டீட்ஸ். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அலுவலகம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் கெட்டரிங்கும் சில நண்பர்களும் அங்கே கூடி, கார்களுக்கான மின்சாதனங்களில் கைவைக்க ஆரம்பித்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் பக்கா ஸ்டார்ட்-அப்.

அப்போது கார்களில் பொறி எப்படி வந்தது? சில கார்களில் மேக்னெட்டோ இருந்தது. காந்தத்தைச் சுற்றி மின்சாரம் தயாரிக்கும் கருவி அது. நம்பகமானதுதான், ஆனால் விலை அதிகம். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பொறி பலவீனமாக இருக்கும், அதாவது ஸ்டார்ட் செய்யும் நேரத்தில்தான் சொதப்பும். வேறு சில கார்களில் உலர் பேட்டரியும் அதிரும் காயிலும் இருந்தன. ஒரு தடவை வெடிக்க ஒரு பொறி போதும் என்ற இடத்தில் இவை பொறிமழையே பொழியும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரே ஒரு பொறி, ஆனால் வலுவான பொறி, அதுவும் சரியான நேரத்தில். இதுதான் கெட்டரிங் எடுத்துக்கொண்ட இலக்கு. அவர் செய்த அமைப்பு காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்டுக்குப் பிடித்துப்போனது. ஆயிரக்கணக்கில் ஆர்டர் கிடைத்தது. 1909-ல் டீட்ஸும் கெட்டரிங்கும் சேர்ந்து டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். சுருக்கமாக டெல்கோ. 1910 மாடல் காடிலாக் கார்களில் அந்த இக்னிஷன் வந்தது.

அந்தப் பொறி எப்படி வருகிறது?

காரின் பேட்டரியில் இருப்பது வெறும் 12 வோல்ட். பிளக்கின் நுனியில் இருக்கும் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். 12-ஐ 20,000 ஆக்குவது எப்படி?

காயிலுக்குள் இரண்டு சுற்றுக் கம்பிகள் இருக்கின்றன. ஒன்று தடித்த கம்பி, குறைந்த சுற்றுகள். இன்னொன்று மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். பேட்டரி மின்சாரம் தடித்த கம்பி வழியாகப் போகும்போது காயிலில் காந்தப்புலம் உருவாகும். அந்த மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால் காந்தப்புலமும் சட்டென்று சரியும். அந்தச் சரிவுதான் மெல்லிய கம்பியில் உயர் மின்னழுத்தத்தைக் கிளப்புகிறது.

அந்தத் துண்டிப்பைச் செய்வது பாயின்ட். பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, புல்லட் ஓட்டிய அப்பாக்களிடம் கேட்டால் சிபி பாயின்ட் என்று உடனே சொல்வார்கள். இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் சேர்ந்து பிரியும், அவ்வளவுதான். பிரியும்போது அந்தப் புள்ளிகளுக்கு நடுவிலேயே பொறி பாய்ந்து கருகிவிடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு கன்டென்சர் இருக்கும். அது அந்த மின்சாரத்தை ஒரு கணம் வாங்கி வைத்துக்கொள்கிறது. காந்தப்புலம் வேகமாகச் சரியவும் அதுதான் உதவுகிறது.

காயிலில் கிளம்பிய உயர் மின்னழுத்தம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிறது. உள்ளே ரோட்டர் சுற்றிக்கொண்டே, இப்போது எந்த சிலிண்டரின் முறையோ அந்த பிளக்குக்கு அதை அனுப்புகிறது.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால் 6,000 பொறிகள் வேண்டும். நொடிக்கு 100. பாயின்ட் ஒவ்வொரு நொடியும் 100 தடவை திறந்து மூடுகிறது. ஒரு பொருள் இவ்வளவு வேலை செய்தால் தேயத்தானே செய்யும்?

கை எலும்பை உடைத்த கிராங்க்

பொறி ஒரு பக்கம் சரியானது. ஆனால் காரை ஸ்டார்ட் செய்ய இன்னும் முன்னால் போய் நின்று இரும்புக் கம்பியைக் கையால் சுற்ற வேண்டியிருந்தது. பொறி கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டால் இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். கிராங்க் கம்பி திரும்பி வந்து மணிக்கட்டையோ தாடையையோ உடைத்துவிடும். இதில் உயிரிழந்தவர்களும் உண்டு. பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் இப்படி அடிபட்டு இறந்ததால்தான் லேலண்ட் மனம் நொந்து கெட்டரிங்கைக் கூப்பிட்டார் என்று ஒரு கதை பிரபலம். ஆனால் கார்ட்டர் இறந்த வருஷமும் கதை சொல்லும் வருஷமும் பொருந்தவில்லை.

காரணம் எதுவாக இருந்தாலும் லேலண்டுக்கு ஸ்டார்ட்டர் வேண்டும், அதை கெட்டரிங் செய்தார். இன்ஜினைச் சுற்ற இன்ஜின் அளவுக்கே பெரிய மோட்டார் வேண்டும் என்பது அன்றைய நிபுணர்களின் கணக்கு. அவருக்கு நினைவு வந்தது கல்லா இயந்திரம். இன்ஜின் பிடிக்கச் சில நொடிகள் போதும், அந்தச் சில நொடிகளுக்குச் சின்ன மோட்டாரே போதும்.

1911-ல் மாதிரி தயார். 1912 மாடல் காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர், மின்விளக்கு, இக்னிஷன் மூன்றும் ஒரே அமைப்பாக வந்தன. ஸ்டார்ட் செய்யும்போது மோட்டாராக இருந்த இயந்திரமே, இன்ஜின் ஓடும்போது ஜெனரேட்டராக மாறி பேட்டரியைச் சார்ஜ் செய்தது. உடல்பலம் இல்லாமலே யாரும் கார் ஓட்டலாம் என்ற நிலை வந்தது. கார் ஓட்டும் பெண்களின் எண்ணிக்கை கூட இதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போ காருக்கு வருவோம்: எங்கே தேடுவது?

கெட்டரிங் டெலிபோன் லைனில் செய்ததையே செய்யலாம். பாகங்களை மாற்றிக்கொண்டே போகக் கூடாது, பகுதி பகுதியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில், பொறி வருதா? ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதில் ஒரு உதிரி பிளக்கை மாட்டி, அதன் உடம்பு இன்ஜின் உலோகத்தில் படும்படி வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், ஷாக் பலமாக இருக்கும். பக்கத்தில் பெட்ரோல் கசிவும் இருக்கக் கூடாது. இன்ஜினைச் சுற்றினால் நீலமாக, சத்தத்தோடு பொறி வர வேண்டும். வந்தால் இக்னிஷன் பெரும்பாலும் சரி, டைமிங்கையும் பெட்ரோலையும் பாருங்கள். மஞ்சளாக, மெலிசாக வந்தால் எங்கோ பலவீனம். வரவே இல்லை என்றால் அடுத்த படி.

காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகும் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவில் ஒரு டெஸ்ட் லாம்ப் மாட்டி இன்ஜினைச் சுற்றுங்கள். விளக்கு மின்னி மின்னி எரிய வேண்டும். பாயின்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை அல்லது அழுக்கு. எரியவே இல்லை என்றால் சாவி சுவிட்சிலிருந்து கரன்ட் வரவில்லை, அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது பாயின்ட் எப்போதும் மூடியே கிடக்கிறது.

விளக்கு சரியாக மின்னுகிறது, ஆனாலும் பொறி இல்லையா? காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் நடுவுக்குப் போகும் ஒயரைக் கழற்றி அதில் பொறி வருதா என்று பாருங்கள். அங்கே வந்தால் காயில் நல்லது, கோளாறு அதற்கு அப்பால்: ரோட்டர், மூடி, பிளக் ஒயர். அங்கேயும் வராவிட்டால் காயில் அல்லது கன்டென்சர். இப்படி மூன்று சோதனைகளில் கோளாறு ஒரு சின்ன வட்டத்துக்குள் வந்துவிடும்.

கார் எப்போது படுத்துகிறது என்பதே ஒரு துப்பு. மழையிலும் பனியிலும் மட்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் இருக்கலாம், ஈரம் வழியாகக் கரன்ட் கசிகிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆனால் காயில் அல்லது கன்டென்சர் மேல் சந்தேகப்படுங்கள். புதுப் பாயின்ட் சீக்கிரமே கருகினால் கன்டென்சர்தான் முதல் குற்றவாளி.

பாயின்ட் இடைவெளி ரொம்ப முக்கியம். எம்ஜிபி காருக்கு அது சுமார் 0.015 இஞ்ச், பிளக்குக்கு 0.025 இஞ்ச். பாயின்ட்டின் அடிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். அதனால் இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங் பார்க்க வேண்டும், முதலில் டைமிங் பார்த்தால் வேலை வீண்.

பாயின்ட்டே வேண்டாம் என்று எலெக்ட்ரானிக் மாட்யூல் போடுபவர்களும் உண்டு. ஒரே எச்சரிக்கை, 1967 வரை வந்த எம்ஜிபி கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். அது தெரியாமல் மாட்டினால் மாட்யூல் புகைந்துவிடும்.

டொக் டொக் சத்தம்: பழி யார் மேல்?

பொறி வலுவாக இருக்கிறது, டைமிங்கும் சரி. ஆனாலும் ஏற்றத்தில் ஏறும்போது இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். கெட்டரிங்கின் வாழ்க்கையைத் திசை திருப்பியதும் இந்தச் சத்தம்தான்.

1912-க்குப் பிறகு வந்த காடிலாக் கார்களில் இந்தப் புகார் கிளம்பியது. போட்டியாளர்கள் உடனே கை காட்டியது டெல்கோ இக்னிஷனை. மேக்னெட்டோ இருந்தவரை இல்லாத சத்தம், பேட்டரிப் பொறி வந்ததும் வந்துவிட்டது என்றார்கள். கெட்டரிங் அதை நம்பவில்லை. தன் பொறி மேல் விழுந்த பழி என்பதால் கோபம் ஒரு பக்கம், உண்மையான காரணம் என்ன என்ற ஆர்வம் இன்னொரு பக்கம்.

1916-ல் இந்தப் பொறுப்பைத் தன்னிடம் வேலை பார்த்த இளம் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் கொடுத்தார். சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்து பார்த்ததில் ஒன்று தெளிவானது. தட்டும் சத்தம் பொறிக்கு முன்னால் வரவில்லை, பொறி வந்து எரிதல் தொடங்கிய பிறகுதான் வருகிறது. ஒரு மூலையில் நெருப்பு பரவிக்கொண்டிருக்கும்போதே, மீதி இருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தம் தாங்காமல் மொத்தமாக வெடித்துவிடுகிறது. ஆக, குற்றவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள்.

சரி, எரிபொருளை எப்படிச் சரிசெய்வது? இருவருக்கும் ஒரு யோசனை. சிவப்பு நிறம் வெப்பத்தை உள்வாங்கும், எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் போட்டால் சீக்கிரம் ஆவியாகி ஒழுங்காக எரியுமோ? ஆய்வகத்தில் எண்ணெயில் கரையும் சாயம் இல்லை, கைக்குக் கிடைத்தது அயோடின். அதைக் கலந்ததும் சத்தம் குறைந்தது! பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. நிறத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, வேலை செய்தது அயோடின்தான். யோசனை தப்பு, கிடைத்த விடை மட்டும் சரி. ஆனால் அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரித்தது.

அப்புறம் ஆரம்பித்தது வருடக்கணக்கான தேடல். அனிலின், செலீனியம், டெல்லூரியம் என ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். டெல்லூரியம் நன்றாக வேலை செய்தது, ஆனால் அதன் பூண்டு நாற்றம் ஆட்களின் உடம்பை விட்டே போகவில்லை. 1921 டிசம்பர் 9-ல் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. சத்தம் மொத்தமாக நின்றுவிட்டது.

ஈயம் விஷம் என்று தெரியாதா?

தெரியும். ஈயத்தின் நச்சுத்தன்மை பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். வேறு வழிகளும் அவர்களுக்குத் தெரியும். ஆல்கஹால் கலந்தாலும் சத்தம் குறையும் என்று அவர்களே சோதித்திருந்தார்கள், மிட்ஜ்லி அதைப் பற்றிப் பொறியாளர் கூட்டங்களில் பேசியும் இருக்கிறார். ஆனால் ஆல்கஹால் என்றால் பத்து சதவீதம், அதற்கு மேல் என்று கலக்க வேண்டும், யாரும் தயாரிக்கலாம், காப்புரிமை லாபம் கிடையாது. ஈயச் சேர்மம் துளியூண்டு போதும், காப்புரிமையும் கையில்.

கெட்டரிங் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுப் பிரிவுத் தலைவர். டெல்கோவை 1916-ல் விற்ற பிறகு அந்தப் பாதை அவரை அங்கே கொண்டு சேர்த்திருந்தது. புதிய பெட்ரோலுக்கு எத்தில் என்று பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற வார்த்தையே அந்தப் பெயரில் இல்லை. 1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. அந்த நேரத்தில் மிட்ஜ்லியே ஈய நச்சால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்க வேண்டியிருந்தது.

1924-ல் எத்தில் கேசலின் கார்ப்பரேஷன் உருவானது, அதன் தலைவர் கெட்டரிங். அதே ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியில் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குத் திடீரென்று பிரமை, வலிப்பு. ஐந்து பேர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில். செய்தி நாடு முழுக்கப் பரவியது.

1925 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாட்டைக் கூட்டினார். யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும், தொழிலாளர் மருத்துவத்தில் முன்னோடியான ஆலிஸ் ஹாமில்டனும் எதிர்த்தார்கள். ஆலைக்குள் விபத்து நடப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒவ்வொரு தெருவிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும் ஈயத் தூசுதான் பெரிய ஆபத்து என்பது அவர்கள் வாதம். கெட்டரிங்கும் அந்த மாநாட்டில் பேசினார், எத்திலின் பக்கம் நின்று. சில மாதங்கள் மட்டும் நீடித்த ஓர் ஆய்வுக்குப் பிறகு, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை, ஆனால் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று நிபுணர் குழு சொன்னது. 1926-ல் விற்பனை மறுபடி ஆரம்பித்தது.

தொடர்ந்து கவனித்தது யார்? பெரும்பாலும் அந்தத் தொழில்துறையின் பணத்தில் நடந்த ஆய்வகம். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இருந்த அந்த ஆய்வகத்தின் பெயரே கெட்டரிங் ஆய்வகம். பல பத்தாண்டுகள் அங்கிருந்து வந்த பதில், பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான்.

இதில் இன்னொரு முரண் உண்டு. ஈயம் எரிந்தபின் அதன் படிவு பிளக்கிலும் வால்விலும் ஒட்டிக்கொண்டது. அதாவது, சத்தத்தைக் குறைக்கச் சேர்த்த மருந்தே கெட்டரிங்கின் பொறியை மறைக்க ஆரம்பித்தது! அதற்கு எத்திலீன் டைபுரோமைடு என்ற இன்னொரு ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அது ஈயத்தை இன்ஜினுக்குள் தங்கவிடாமல் புகையோடு சேர்த்து வெளியே தள்ளியது. இன்ஜின் சுத்தமானது. தெருவில் இருந்தவர்கள் அதைச் சுவாசித்தார்கள்.

தோற்ற கார், ஜெயித்த ரயில்

எத்தில் விற்பனைக்கு வந்த அதே 1923-ல் கெட்டரிங்குக்கு ஒரு பெரிய சறுக்கல். தண்ணீர் இல்லாமல், செம்புத் தகடுகள் வழியாகக் காற்றாலேயே குளிரும் ஒரு செவ்ரோலே காரை அவர் வடிவமைத்திருந்தார். வெயிலில் இன்ஜின் அதிகமாகச் சூடாகி, பொறி வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டது, சக்தி போனது. சுமார் 760 கார்கள் தயாரானதோடு திட்டம் நின்றது, விற்றவற்றை நிறுவனம் திரும்ப வாங்கியது. மனம் உடைந்த கெட்டரிங் வேலையை விடவே தயாரானார். நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன்தான் அவரை இருக்க வைத்தார்.

1930-களில் அவரும் அவர் மகன் யூஜினும் சேர்ந்து உருவாக்கிய டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின், அமெரிக்க ரயில்களில் நீராவி இன்ஜின்கள் ஓய்வுபெற வழி செய்தது. 1945-ல் ஸ்லோனும் அவரும் சேர்ந்து நியூயார்க்கில் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அமையக் காரணமானார்கள். இன்று உலகப் புகழ்பெற்ற புற்றுநோய் மையம் ஒன்றின் பெயரில் அவர் பெயர் இருப்பது இதனால்தான்.

1947-ல் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து ஓய்வு பெற்றார். 1958 நவம்பர் 25-ல் டேட்டன் அருகே தன் வீட்டில் காலமானார், வயது 82. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. அந்தப் பகுதியில் ஒரு நகரத்துக்கே கெட்டரிங் என்று பெயர்.

அப்புறம் என்ன ஆச்சு?

அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1965-ல், பூமியின் வயதைக் கணக்கிட்டதற்காக அறியப்பட்ட விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நவீன மனிதர்களின் உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையான அளவு இல்லை, அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது அதன் சாரம். அதன்பின் வந்த ஆய்வுகள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிப்பதைக் காட்டின. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இதுவரை அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அமெரிக்காவில் 1970-களில் குறைக்க ஆரம்பித்து, 1996-ல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை வந்தது. இந்தியாவில் 2000-ல் ஈயமற்ற பெட்ரோலுக்கு முழுசாக மாறினோம். கார்களுக்கான ஈயப் பெட்ரோலை உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். டேட்டனில் முதல் கேலன் விற்று 98 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கெட்டரிங்கின் பாயின்ட்டும் கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான் விடைபெற்றது. 1970-களில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்து, புதிய கார்களிலிருந்து பாயின்ட் மெல்ல மறைந்தது. ஆனால் காயிலில் மின்சாரத்தைச் செலுத்தி, சட்டென்று துண்டித்து, பொறி எடுக்கும் அவருடைய அடிப்படை யோசனை இன்றைய பெட்ரோல் கார்களிலும் இருக்கிறது. துண்டிக்கும் வேலையை மட்டும் டிரான்சிஸ்டர் செய்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அவருடைய இரண்டு முகங்களும் இன்னமும் இருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் அவருடைய பாயின்ட். ஈயப் பெட்ரோலை நம்பிச் செய்யப்பட்ட வால்வு சீட்டுகளை மாற்றி, கடினமான சீட்டுகள் போட உரிமையாளர்கள் செலவழிக்கும் பணத்தில் அவருடைய எத்தில்.

பழி தன் பொறி மேல் விழுந்தபோது, சத்தம் கேட்கிற இடத்தை விட்டுவிட்டு உண்மையான காரணத்தை அவர் தேடிப்போனார். அந்தப் பிடிவாதம் ஒவ்வொரு மெக்கானிக்கும் கற்றுக்கொள்ள வேண்டியது. ஆனால் சத்தம் நின்றதும் சோதனை முடிந்தது என்று நினைத்துவிட்டார். சைலன்சர் வழியாக வெளியே போனது என்ன, அது யாருடைய உடம்பில் தங்கியது என்ற சோதனையை, அவர் இறந்த பிறகு வேறு சிலர்தான் செய்து முடித்தார்கள்.

அடுத்த முறை காரைச் சரிசெய்து, இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்ததும் பானெட்டை உடனே மூடிவிடாதீர்கள். பின்னால் போய் புகை என்ன நிறத்தில் வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.